எண்ணில் விளையும் எழுத்து

நுழையும்முன்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது தமிழ் மரபு. ஆயினும், கணக்கு அறிவுக்கு உரியது, கவிதை உணர்வுக்கு உரியது என்று இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இன்று வேரூன்றியுள்ளது. உலகம் ஃபிபனாச்சி எண்கள் என்று அழைக்கும் எண்வரிசை, செய்யுளின் ஓசையை அளந்த இந்திய யாப்பறிஞர்களால் முன்னரே கண்டறியப்பட்டது. அவ்வரிசையை அளவாகக் கொண்டு தமிழில் சிறுகவிதை இயற்றும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

காவிரிக்கரையில் பிறந்த இருவர்

காவிரிக்கரையில் அமைந்த ஈரோட்டில் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் கணிதமேதை சீனிவாச இராமானுஜன் பிறந்தார். பத்துத் திங்கள் கழித்து, 1888-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள், அதே ஆற்றின் கரையில் நாமக்கல்லை அடுத்த மோகனூரில் கவிஞர் வெ. இராமலிங்கம் பிறந்தார். இராமானுஜனின் குடும்பத்தார் வழிபட்டது நாமக்கல்லில் கோயில் கொண்ட நாமகிரித் தாயாரை. இராமலிங்கனார் நாமக்கல் என்னும் ஊர்ப்பெயரையே தம் அடையாளமாகக் கொண்டு ‘நாமக்கல் கவிஞர்’ ஆனார். 1930-ஆம் ஆண்டு உப்பு அறப்போரின்போது தொண்டர்கள் பாடிச்சென்ற வழிநடைப் பாடலை இயற்றினார். 1949-இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞராக அமர்த்தப்பெற்றார்.

இன்று இவ்விருவரும் நம் வகுப்பறைகளில் வெவ்வேறு நூல்களுக்குள் இருக்கின்றனர். ஒருவர் கணக்குப் பாடநூலில் வருகிறார். மற்றவர் தமிழ்ப் பாடநூலில் வருகிறார். கணக்கைத் தெரிவு செய்தவர் கவிதை தமக்கு வாராது என்று எண்ணுகிறார். தமிழில் ஈடுபாடு கொண்டவர் எண்களைக் கண்டு அஞ்சுகிறார். ஆனால், யாப்பிலக்கணத்தைத் தோற்றுவித்தவர்களுக்கு இத்தகைய பிரிவினை இல்லை. ‘ஓர் அடியை எத்தனை வகையில் அமைக்கலாம்?’ என்று அவர்கள் வினவினர். அவ்வினா கவிஞனுக்கும் உரியது, கணக்கறிஞனுக்கும் உரியது.

மாத்திரை காட்டும் வழி

எழுத்தை ஒலிக்கும் கால அளவு மாத்திரை எனப்படும். இயல்பாகக் கண்ணிமைக்கும் நேரமும் கைந்நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வழங்கும் இலக்கணம். குற்றெழுத்துக்கு ஒரு மாத்திரை. நெட்டெழுத்துக்கு இரண்டு மாத்திரை. ஒற்றெழுத்துகளை இப்போதைக்கு ஒதுக்கி வைத்து, ‘த’ என்னும் குறிலையும் ‘தா’ என்னும் நெடிலையும் மட்டும் கொண்டு ஓர் ஆய்வு செய்து பார்ப்போம். குறிப்பிட்ட மாத்திரை அளவுள்ள ஓசையை இவ்விரண்டால் எத்தனை வகையில் நிரப்பலாம்?

1 மாத்திரை : த (1 வகை)
2 மாத்திரை : தத, தா (2 வகை)
3 மாத்திரை : ததத, ததா, தாத (3 வகை)
4 மாத்திரை : தததத, தததா, ததாத, தாதத, தாதா (5 வகை)

1, 2, 3, 5 என்று எண்கள் வளர்கின்றன. ஐந்து மாத்திரைக்கு எத்தனை வகை என்பதை எழுதிப் பாராமலே கூறலாம். எந்த ஓசையும் குறிலில் முடிய வேண்டும். அல்லது நெடிலில் முடிய வேண்டும். ஐந்து மாத்திரை ஓசை குறிலில் முடிந்தால், அதற்கு முன் நிற்பது நான்கு மாத்திரை. அதற்கு 5 வகை உண்டு. நெடிலில் முடிந்தால், அதற்கு முன் நிற்பது மூன்று மாத்திரை. அதற்கு 3 வகை உண்டு. ஆகவே மொத்தம் 8 வகை. முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும் என்பதே இதன் விதி. இவ்வாறே 13, 21, 34 என்று வரிசை தொடரும்.

சேலம், நாமக்கல் சமவெளியின் கோயில் திருவிழாக்களில் பம்பை முழங்கக் கேட்டிருப்போம். எட்டு மாத்திரை கொண்ட ஒரு சுற்றினை ஒரு மாத்திரை அடியாலும் இரு மாத்திரை அடியாலும் நிரப்புவதற்கு 34 வழிகள் உள்ளன. ஒரே கால அளவுக்குள் இத்தனை வேறுபாடுகள் அடங்கியிருப்பதனால்தான் தாளம் மாறாமலே ஓசை புதுமை பெறுகிறது.

இரட்டிக்கும் எண்ணும் கூடும் எண்ணும்

யாப்பிலக்கணம் பயின்றோர்க்கு வேறோர் எண்வரிசையும் அறிமுகமானதே. நேர், நிரை என அசை இரண்டு. இவற்றால் ஆகும் ஓரசைச்சீர் 2, ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16, ஆகச் சீர்கள் 30. இவ்வெண்கள் ஒவ்வொரு படியிலும் இரட்டிக்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் நேரோ நிரையோ வரலாம் என்பதே அதற்குக் காரணம்.

மேற்கண்ட மாத்திரைக் கணக்கில் எண்கள் இரட்டிக்கவில்லை, கூடுகின்றன. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? சீர்க்கணக்கில் அசைகளின் எண்ணிக்கையை வரையறுத்தோம், காலத்தை வரையறுக்கவில்லை. மாத்திரைக் கணக்கில் காலத்தை வரையறுத்தோம். எழுத்துகளின் எண்ணிக்கையை வரையறுக்கவில்லை. எதனை வரையறுக்கிறோம் என்பது மாறும்போது எண்ணின் இயல்பே மாறிவிடுகிறது. வாய்பாடுகளை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிட்டால் இவ்வுண்மை புலப்படாது, ‘ஏன் பதினாறு?’ என்று கேட்போர்க்கே புலப்படும்.

பெயர் பெற்ற வரலாறு

வடமொழி யாப்பு நூல்களுள் பழமையானது பிங்கலர் இயற்றிய சந்த சாத்திரம். குறிலும் நெடிலும் அடுத்தடுத்து நிற்கும் முறைகளை வரிசைப்படுத்தி எண்ணும் வழிகளை அந்நூல் கூறுகிறது. ஆறாம் நூற்றாண்டிற்கும் எட்டாம் நூற்றாண்டிற்கும் இடையில் வாழ்ந்தவராகக் கருதப்படும் விரகாங்கர், மாத்திரை அளவால் அமையும் பாக்களை ஆராய்ந்து, முன்னிரண்டு எண்களைக் கூட்டி அடுத்த எண்ணைப் பெறும் விதியைத் தெளிவாக மொழிந்தார். பின்னர்க் கோபாலர் என்னும் உரையாசிரியரும், 1150-ஆம் ஆண்டையொட்டிக் குசராத்தில் வாழ்ந்த சமண அறிஞர் ஏமச்சந்திரரும் இவ்விதியை எடுத்துரைத்தனர்.

இத்தாலி நாட்டின் பைசா நகரைச் சேர்ந்த இலியனார்டோ, 1202-ஆம் ஆண்டு எழுதிய கணித நூலில் முயல்களின் பெருக்கத்தைப் பற்றிய ஒரு கணக்கின் வாயிலாக இதே எண்களை வழங்கினார். அவருக்கு வழங்கிய மற்றொரு பெயரே ஃபிபனாச்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எதுவார் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் இவ்வரிசைக்கு ஃபிபனாச்சியின் பெயரைச் சூட்டினார், அப்பெயரே நிலைத்தது. மேலை நாட்டில் முயல் கணக்கில் தோன்றிய எண்கள், இந்தியாவில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே பாடலின் ஓசையில் தோன்றியிருந்தன.

இவ்வரிசையில் ஓர் எண்ணை அதன் முந்தைய எண்ணால் வகுத்தால், 8/5 = 1.6, 13/8 = 1.625 என்று சென்று, ஈவு 1.618 என்னும் மதிப்பை நெருங்கும். இதனைப் பொன்விகிதம் என்பர். 1913-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இராமானுஜன் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், ஒரு தொடர் பின்னத்தின் மதிப்பிற்குள் இப்பொன்விகிதம் இடம்பெற்றுள்ளது. இயற்கையிலும் இவ்வெண்களைக் காணலாம். சமவெளியின் ஓரத்தில் எழும் கொல்லிமலையில் அன்னாசி விளைகிறது. அப்பழத்தின் மேல் சுழன்று ஏறும் செதில் வரிசைகளை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு பக்கச் சுழற்சி 8 ஆகவும் மறுபக்கச் சுழற்சி 13 ஆகவும் இருக்கும்.

எண்வரிசைக் கவிதை

யாப்பிலிருந்து பிறந்த இவ்வெண்கள் மீண்டும் கவிதையிடம் வந்து சேர்ந்தது அண்மைக் காலத்தில்தான். டென்மார்க்குக் கவிஞர் இங்கர் கிறிஸ்டென்சன் 1981-இல் வெளியிட்ட ‘அகரவரிசை’ என்னும் பொருள்தரும் நெடுங்கவிதையில், பிரிவுகளின் அடித்தொகை 1, 2, 3, 5, 8 எனப் பெருகிச் செல்லும். 2006-இல் அமெரிக்க எழுத்தாளர் கிரிகரி பிங்கஸ், 1, 1, 2, 3, 5, 8 என்னும் அளவில் ஒலியன்கூறுகள் அமைந்த ஆறடிச் சிறுகவிதையைப் பரப்பினார். ஆறடிகளையும் கூட்டினால் 20. அது பிற நாடுகளிலும் விரைந்து பரவியது.

இக்கவிதையின் சிறப்பு அதன் வளர்ச்சியில் உள்ளது. முதல் ஈரடிகளில் ஒற்றைச் சொற்கள் தயங்கி நிற்கும். பின்னர் ஒவ்வோர் அடியும் தனக்கு முன்னுள்ள இரண்டடிகளின் அளவையும் தன்னுள் கொண்டு விரியும். ஊற்றாகக் கசிந்து ஓடையாகி ஆறாகும் நீரைப்போல ஓசை பெருகும்.

தமிழில் எதனை எண்ணுவது?

பிறமொழி வடிவம் ஒன்றைத் தமிழுக்குக் கொணரும்போது, முதலில் அதன் அளவை எதுவென்று தெளிதல் வேண்டும். ஆங்கிலத்தில் எண்ணப்படும் ஒலியன்கூறு, தமிழ் யாப்பில் கூறப்படும் அசை அன்று. ‘காவிரி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். எழுத்தால் எண்ணினால் கா, வி, ரி என மூன்று. அசையால் எண்ணினால் கா / விரி என நேரும் நிரையுமாக இரண்டு. மாத்திரையால் எண்ணினால் 2 + 1 + 1 என நான்கு. ஒரே சொல் மூன்று அளவைகளில் மூன்று எண்களைத் தருகிறது. இவற்றுள் ஒற்று நீக்கி எழுத்தெண்ணும் முறையே ஒலியன்கூறு எண்ணுவதற்கு நிகரானது.

எழுத்தெண்ணிப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் அடிகளை எழுத்தளவால் வகுத்தார். நான்கு முதல் ஆறு எழுத்து வரை குறளடி. ஏழு முதல் ஒன்பது வரை சிந்தடி. பத்து முதல் பதினான்கு வரை அளவடி. பதினைந்து முதல் பதினேழு வரை நெடிலடி. பதினெட்டு முதல் இருபது வரை கழிநெடிலடி. உயிரற்ற எழுத்துகளை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. இருபது எழுத்து கொண்ட எண்வரிசைக் கவிதை முழுவதும், எண்ணிக்கையளவில் தொல்காப்பியர் வகுத்த நெடிய அடி ஒன்றனுள் அடங்கிவிடும்.

பிற்காலத்தில் கட்டளைக் கலித்துறை இம்மரபைப் பேணியது. நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீங்கலாகப் 16 எழுத்து. நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து. அமிதசாகரர் தம் யாப்பருங்கலக்காரிகையை இவ்வடிவிலேயே இயற்றினார். எழுத்தெண்ணும் கட்டுப்பாட்டிற்குள் நின்றே ஓர் இலக்கண நூல் முழுவதையும் அவர் படைத்தார் என்பது எண்ணத்தக்கது.

எண்வரிசைக் கவிதையின் முதலிரண்டு அடிகளுக்கு ஓரெழுத்துச் சொற்கள் வேண்டும். அவற்றிற்குத் தமிழில் பஞ்சமில்லை. ஓரெழுத்தொருமொழிகள் 42 என்று நன்னூல் தொகுத்துரைக்கிறது. பூ, தீ, வா, நீ, கா, மா போன்றவை அவற்றுட் சில. ஒற்று எண்ணப்படாமையால் நீர், மண், கல், ஊர், தாய் ஆகியனவும் ஓரெழுத்தாகவே அமையும்.

சப்பானிய ஹைக்கூ கவிதையைப் பாரதியார் 1916-இல் ஒரு கட்டுரை வழித் தமிழர்க்கு அறிமுகம் செய்தார். பின்னர்த் தமிழில் ஹைக்கூ செழித்தபோது மூன்றடி வடிவம் நிலைத்தது; 5, 7, 5 என்னும் ஒலிக்கணக்கு பெரும்பாலும் கைவிடப்பட்டது. அதனால் ஹைக்கூ தாழ்ந்துவிடவில்லை. ஆனால், எண்வரிசைக் கவிதையில் எண்ணிக்கையைக் கைவிட்டால் எஞ்சுவது ஏதுமில்லை. எண்ணிக்கையே அதன் வடிவம்.

எழுதிப் பார்ப்போம்

ஒற்றையும் ஆய்தத்தையும் நீக்கி எண்ணுதல் வேண்டும். குற்றியலுகரத்தை ஓரெழுத்தாகக் கொள்ளுதல் வேண்டும். இவ்விதிப்படி அமைந்த ஒரு முயற்சியைக் காண்போம்.

நான்
தான்
நேற்று
சேலத்தில்
மாம்பழம் வாங்கி
வீட்டிற்கு வந்து உண்டேனே

எண்ணிப் பார்த்தால் 1, 1, 2, 3, 5, 8 என்று பிழையின்றி அமைந்துள்ளது. எனினும், இது கவிதை அன்று. துண்டாக்கப்பட்ட ஒரு செய்தி. ‘தான்’ என்னும் சொல்லும் ‘உண்டேனே’ என்பதன் இறுதி ஏகாரமும் எண்ணை நிரப்புவதற்காகவே வந்து நிற்கின்றன. அவற்றை நீக்கினால் பொருள் குறையாது. கணக்கு மட்டுமே குறையும். எந்த எழுத்தை நீக்கினாலும் பொருள் குறையுமோ, அந்த எழுத்தே கவிதையில் இடம்பெறத் தக்கது.

நாமக்கல் சரக்குந்துத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். பல நாள் வீடு திரும்பாமல் நெடுஞ்சாலையில் வாழும் ஓட்டுநரைப் பாடுவதாகக் கொள்வோம். இறுதி அடியை முதலில் ‘மகள் வரைந்து தந்த ஓவியம்’ என எழுதினால் எழுத்து 10 ஆகிறது. இரண்டெழுத்து மிகை. ‘தந்த’ என்பதை நீக்கி, ‘வரைந்து’ என்பதை ‘வரைந்த’ எனத் திருத்தினால் எட்டாகும்.

ஊர்
போய்
வரும்
ஓட்டுநர்
கண்ணில் உறங்கும்
மகள் வரைந்த ஓவியம்

இங்குக் குறைத்தலால் இழப்பு நேரவில்லை. மகள் தந்தாள் என்பதைச் சொல்லாமலே படிப்பவர் உணர்வர். ‘கண்ணில் உறங்கும்’ என்னும் அடி வரையில் உறங்குவது எது என்று தெரியாது. உறக்கம் ஓட்டுநருக்கு உரியதோ என்று அஞ்சுகிறோம். இறுதியடி அவ்வச்சத்தை மாற்றி, விழித்திருக்கும் கண்ணுக்குள் உறங்குவது ஓர் ஓவியம் என்று காட்டுகிறது. எழுத்தெண்ணும் கட்டுப்பாடே ‘தந்த’ என்னும் சொல்லின் தேவையின்மையைக் கவிஞர்க்கு உணர்த்தியது.

சேலம் மாவட்டத்தில் 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் கால்வாய் நீரை எதிர்நோக்கும் வயல்களைப் பற்றி மற்றொரு கவிதை:

நீர்
ஏன்
இங்கே
நின்றது?
கீழ்வயல் கேட்கும்;
மதகு திறந்தால் பாடும்.

தேங்கிய நீரைப்போல முதல் நான்கு அடிகளும் குறுகி நிற்கின்றன. மதகு திறக்கும் இடத்தில் அடியும் நீள்கிறது. அடியின் அளவும் அடியின் பொருளும் ஒன்றுபடும்போது வடிவம் வெறும் அணியாக நில்லாமல் கவிதையின் உயிராகிறது.

இவ்வெண்வரிசையைத் திருப்பியும் எழுதலாம். பெருகும் வரிசை விரிவைக் காட்டும்; சுருங்கும் வரிசை அடங்குதலைக் காட்டும். தறிகள் நிறைந்த சேலத்து நெசவாளர் வீடொன்றின் இரவு இது:

தறியின் ஓசை நின்றபின்
வீடு முழுதும்
அமைதி
அதில்
என்
தாய்

நாளெல்லாம் ஒலித்த தறி ஓய்ந்ததும் ஓசை படிப்படியாகக் குறைந்து, இறுதியில் ஒற்றைச் சொல்லில் வந்து நிற்கிறது. உழைத்தவர் யார் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

அளவும் அழகும்

அளவு கவிதையைப் படைத்துவிடாது. மாம்பழக் கவிதை அதற்குச் சான்று. அளவு கவிதையைக் கெடுத்துவிடாது. ஓட்டுநர் கவிதை அதற்குச் சான்று. வாய்க்காலின் கரைகள் நீரை உண்டாக்குவதில்லை. ஆயினும், கரை இல்லையேல் நீர் வயலைச் சென்று சேர்வதில்லை. யாப்பு கவிஞனுக்குக் கரை போன்றது.

யாப்பிலக்கணத்தைத் தேர்வுக்குரிய சுமையாகக் கருதுவோர் உளர். குறிலையும் நெடிலையும் எண்ணிய யாப்பறிஞர்கள் அவ்வாறு கருதியிருப்பின், இவ்வெண்வரிசை அவர்கள் கைக்கு எட்டியிராது. அவர்கள் ஓசையைக் கேட்டனர்; கேட்டதை எண்ணினர்; எண்ணியதன் காரணத்தை ஆராய்ந்தனர். கேட்டலும் எண்ணலும் ஆராய்தலும் கணக்கிற்கும் கவிதைக்கும் பொதுவானவை. இருபதே எழுத்தில் ஒரு கவிதையை எழுத முனையும் மாணவர், ஓரெழுத்திற்காக ஒரு நாள் முழுவதும் காத்திருக்க நேரலாம். அக்காத்திருப்பில் சொல்லின் எடை அவருக்குத் தெரியவரும். சொல்லின் எடையை அறிந்தவர் செய்யுள் எழுதினாலும் உரைநடை எழுதினாலும் மிகையாக ஒரு சொல்லும் எழுதார்.

கற்பவை கற்றபின்

1. ஐந்து மாத்திரை அளவுள்ள ஓசை வகைகள் எட்டினையும் ‘த’, ‘தா’ கொண்டு எழுதுக. அவற்றுள் குறிலில் முடிவன எத்தனை, நெடிலில் முடிவன எத்தனை எனக் கண்டறிக.

2. உம் ஊரின் பெயரை எழுத்து, அசை ஆகிய இரு அளவைகளாலும் எண்ணி ஒப்பிடுக.

3. உம் ஊரில் நடைபெறும் தொழில் ஒன்றினைப் பொருளாகக் கொண்டு 1, 1, 2, 3, 5, 8 என்னும் எழுத்தளவில் கவிதை இயற்றுக. எழுதியபின், எண்ணை நிரப்புவதற்காக மட்டும் வந்த சொல் உளதோ என ஆராய்ந்து திருத்துக.

4. அக்கவிதையையே 8, 5, 3, 2, 1, 1 எனத் திருப்பி எழுதி, பொருளிலும் ஓசையிலும் நேரும் மாற்றத்தை வகுப்பறையில் கலந்துரையாடுக.